எந்தத் தண்ணீரில் பனி? அரிசோனா ஸ்னோபோல் விரிவாக்கமும் மூன்று வழிகளும்

அரிசோனா என்றால் கள்ளியும் செம்மண்ணும் கொளுத்தும் வெயிலும்தான் கண்முன் வரும். அந்த மாநிலத்தில் 1938இலிருந்து ஒரு பனிச்சறுக்குத் தளம் நடந்துவருகிறது என்று சொன்னால் பாதிப்பேர் நம்ப மாட்டார்கள். ஃபிளாக்ஸ்டாஃப் நகரமே ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அதற்கு வடக்கே, பழைய எரிமலை ஒன்றின் மிச்சமாக, சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள் நிற்கின்றன. அவற்றில் உயர்ந்தது ஹம்ஃப்ரீஸ் சிகரம், 12,633 அடி. இவற்றின் மேற்குச் சரிவில்தான் அரிசோனா ஸ்னோபோல் இருக்கிறது.

தளத்தை நடத்துவது தனியார். மலை பொதுச்சொத்து. கோகொனினோ தேசிய வனத்துக்குள் 777 ஏக்கரை மத்திய வனத்துறை சிறப்பு அனுமதியின் பேரில் அவர்களுக்கு விட்டிருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் கம்பெனி அங்கே வாடகைக்கு இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர் சுவரை இடித்து இன்னொரு அறை போட நினைத்தால் வீட்டுக்காரரைக் கேட்டாக வேண்டும். 2002இல் அப்படித்தான் கேட்டார்கள்: சறுக்குப் பாதைகளை அதிகமாக்க வேண்டும், லிஃப்டுகளைப் புதுப்பிக்க வேண்டும், இயற்கைப் பனி பொய்க்கும்போது இயந்திரத்தால் பனி செய்துகொள்ள வேண்டும். பனிக்கான தண்ணீரை ஃபிளாக்ஸ்டாஃப் நகராட்சியிடம் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். அது சுத்திகரித்த சாக்கடைத் தண்ணீர்.

வனத்துறை சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரித்தது. 2005 பிப்ரவரியில் இறுதி அறிக்கையும் முடிவும் சேர்ந்தே வந்தன. அறிக்கை மூன்று வழிகளை விரிவாக எடுத்துக்கொண்டது. முதல் வழி, எதையும் மாற்றாமல் இருப்பதை அப்படியே விடுவது. இரண்டாவது, கம்பெனி கேட்டபடி விரிவாக்கமும் செயற்கைப் பனியும். மூன்றாவது, விரிவாக்கம் உண்டு, ஆனால் செயற்கைப் பனி கிடையாது. கையெழுத்து இரண்டாவதுக்கு விழுந்தது.

இருபது வருடம் ஆகிவிட்ட முடிவை இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்றால், அமெரிக்காவில் தேசிய வன நிலத்தில் மட்டும் 120க்கும் மேற்பட்ட பனிச்சறுக்குத் தளங்கள் இயங்குகின்றன. குளிர்காலம் சுருங்கச் சுருங்க ஒவ்வொன்றும் இதே மாதிரி ஒரு மனுவோடு வனத்துறை வாசலில் நிற்கும். அப்போது மேசைமேல் வைக்கப்படும் ஒப்பீட்டை எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொள்ள ஸ்னோபோலைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

கம்பெனியின் கஷ்டத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டு எதிர்த்து எழுதுவது சுலபம். அது நியாயமாக இருக்காது. 2001-02 குளிர்காலத்தில் அந்த மலையில் மொத்தம் 87 அங்குலப் பனிதான் விழுந்தது. சறுக்க முடிந்தது நாலே நாள். வந்தவர்கள் 2,857 பேர். மூன்று வருடம் கழித்து, 2004-05இல், 460 அங்குலம் கொட்டியது. 139 நாள் தளம் ஓடியது. வந்தவர்கள் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். ஒரு வருடம் நாலு நாள், இன்னொரு வருடம் நாலரை மாதம். இப்படி ஒரு தொழிலில் எத்தனை பேரை வேலைக்கு எடுப்பது, எந்த நம்பிக்கையில் கடன் வாங்குவது? வானம் பார்த்த பூமியில் மானாவாரி விவசாயம் செய்பவர் படும் பாடுதான் இதுவும். அவர் கிணறு வெட்டக் கேட்கிறார். கேட்டதில் தப்பில்லை. கிணற்றில் என்ன தண்ணீர் என்பதில்தான் எல்லாம் வந்து நிற்கிறது.

முதல் வழியை ஆங்கிலத்தில் ‘நோ ஆக்‌ஷன்’ என்பார்கள். இந்தப் பெயரே பலரைக் குழப்பிவிடுகிறது. தளத்தை மூடிவிடுவார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. ஏற்கெனவே இருந்த 139 ஏக்கர் சறுக்குப் பாதை, லிஃப்டுகள், உணவுக்கூடம், கார் நிறுத்துமிடம் எல்லாம் அப்படியே இருக்கும், அனுமதியும் தொடரும். பனி விழுந்தால் திறப்பார்கள், விழாவிட்டால் மூடியிருக்கும். அமெரிக்கச் சட்டப்படி எந்தத் தாக்க அறிக்கையிலும் இந்த வழியைச் சேர்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் மற்றவற்றை எதோடு வைத்து அளப்பது? நடைமுறையில் இது அளவுகோலாக மட்டுமே நின்றுவிடுகிறது. கடையில் தராசின் ஒரு தட்டில் எடைக்கல் இருக்கும், அதை யாரும் வாங்கிக்கொண்டு போவதில்லை அல்லவா, அந்தக் கதைதான்.

இந்த வழியால் மலைக்குப் புதிதாக எந்தக் கேடும் இல்லை. பழைய கேடு அப்படியே தொடரும். கம்பெனிக்கு நிச்சயமின்மை தொடரும். நகரத்துக்கு வறண்ட குளிர்காலத்தில் ஓட்டல் வியாபாரம் படுக்கும். இதற்குமேல் சொல்ல அதிகமில்லை.

மூன்றாவது வழி பார்ப்பதற்கு நல்ல நடுவழி மாதிரி இருக்கும். புதுப் பாதை, புது லிஃப்ட், புதுக் கட்டடம், ஆனால் சாக்கடைத் தண்ணீர் இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் இது யாருக்கும் உதவாத வழி. நாலு நாள் ஓடும் தளத்துக்குப் புது லிஃப்ட் எதற்கு? மரம் வெட்டுவதும் சரிவைச் சமன்படுத்துவதும் இரண்டாவது வழியில் உள்ளதற்கு நெருக்கமாகவே நடக்கும். அந்த மலையைப் புனிதமாக நினைக்கும் பழங்குடிகளின் மனக்குறையில் பாதி அப்படியே இருக்கும். கம்பெனியின் பிரச்சினை முழுசாக அப்படியே இருக்கும். மூன்று வழி என்று எண்ணிக்கை காட்ட இது உதவியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது ஒரே கேள்வி: அந்தத் தண்ணீரை மலைமேல் ஏற்றலாமா, கூடாதா?

ஆகவே இரண்டாவது வழிக்கு வருவோம். இங்கேதான் நிற்க வேண்டும்.

அறிக்கையின் கணக்குப்படி சறுக்குப் பாதைகள் 139 ஏக்கரிலிருந்து 205 ஏக்கராகும். அந்த 205 ஏக்கரிலும் செயற்கைப் பனி போட முடியும். ஏறத்தாழ 47 ஏக்கரில் மரங்களை இடையிடையே வெட்டி அடர்த்தியைக் குறைப்பார்கள், 87 ஏக்கரில் வேர்க்கட்டைகளைப் பிடுங்கிச் சரிவைச் சமன் செய்வார்கள். ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து 14.8 மைல், அதாவது சுமார் 24 கிலோமீட்டர், குழாய் பதித்துத் தண்ணீரை மலையேற்றுவார்கள். லிஃப்ட் உச்சிக்கு அருகில் ஒரு கோடி கேலன் பிடிக்கும் குளம் வெட்டுவார்கள். நம் கணக்கில் மூணே முக்கால் கோடி லிட்டர். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நாளொன்றுக்கு 15 லட்சம் கேலன் வரை, சுமார் 57 லட்சம் லிட்டர், மேலே போகலாம்.

ஒரு வாளித் தண்ணீரின் பின்னாலேயே போய்ப் பார்த்தால்தான் இது புரியும். ஃபிளாக்ஸ்டாஃபில் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீர், கழிப்பறைத் தண்ணீர், மருத்துவமனையின் தண்ணீர், பிணவறையில் கழுவிவிட்ட தண்ணீர் எல்லாம் ஒரே குழாயில் சேர்ந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகின்றன. அங்கே நுண்ணுயிர்களை விட்டு அழுக்கைத் தின்ன வைக்கிறார்கள், வடிகட்டுகிறார்கள், கிருமி நீக்குகிறார்கள். அரிசோனா விதிகளில் இதற்கு ‘ஏ பிளஸ்’ தரம். ஏழு நாள் மாதிரிகளில் நாலிலாவது மலக்கிருமியே தென்படக் கூடாது, நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். மறுபயன்பாட்டுத் தண்ணீரில் இதுதான் முதல் தரம். பார்த்தால் தெளிவாக இருக்கும். கோல்ஃப் மைதானத்துக்கும் பள்ளிக்கூடப் புல்வெளிக்கும் இதைத்தான் விடுகிறார்கள். குளிர்காலத்தில் புல்லுக்குத் தண்ணீர் வேண்டாம், அதனால் மிச்சம் ஓடையில் போய்விடுகிறது. வீணாகிற தண்ணீரை விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்ற கம்பெனியின் வாதம் இங்கிருந்து வருகிறது. லேசான வாதமில்லை இது. வறண்ட மாநிலத்தில் ஒரே தண்ணீரை இரண்டு தடவை பயன்படுத்துவது புத்திசாலித்தனம்தான்.

மலைமேல் அந்தத் தண்ணீர் பனித் துப்பாக்கிக்குள் நுழைகிறது. துப்பாக்கி என்று சொன்னாலும் பெரிய மின்விசிறி மாதிரியோ நீளக் கம்பம் மாதிரியோ இருக்கும். அழுத்தத்தில் தண்ணீரும் காற்றும் சேர்ந்து பீறிட்டு வரும்போது துளிகள் பொடிப்பொடியாகச் சிதறும். தரையில் விழுவதற்குள் உறைந்துவிட வேண்டும். காற்று வறண்டிருந்தால் துளியின் ஒரு பகுதி ஆவியாகி மீதியைக் குளிர வைக்கும். அதனால்தான் வெப்பமானி சைபருக்கு ஒன்றிரண்டு டிகிரி மேலே காட்டும் இரவிலும் அரிசோனா போன்ற இடத்தில் பனி செய்துவிட முடிகிறது. ஈரமான காற்றில் அது நடக்காது. விழுவது பூப்பூவான பனி இல்லை. நறநறவென்று சின்ன உருண்டைகள். அதைப் பரப்பி, அழுத்தி, காலையில் ஆட்களை விடுவார்கள். வசந்தத்தில் உருகி மண்ணுக்குள் இறங்கும்.

சரி, இதில் என்ன ஆட்சேபம்? இரண்டு. இரண்டையும் அறிக்கை வேறு வேறு மாதிரி கையாண்டது.

முதலாவது உடம்பு சம்பந்தப்பட்டது. அரிசோனா விதிகளே இந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்கின்றன, முங்கிக் குளிக்கிற, வாய்க்குள் போகக்கூடிய விளையாட்டுகளுக்கும் கூடாது என்கின்றன. பனி செய்ய மட்டும் 2001இல் விதியில் இடம் கொடுத்தார்கள். பனியில் விழுந்து புரள்வது முங்கல் ஆகாதா என்று கேட்டால் சட்டம் ஆகாது என்கிறது. ஐந்து வயதுக் குழந்தையிடம் அந்தச் சட்டம் செல்லாது. பனியைக் கண்டால் எந்தக் குழந்தையும் முதலில் ஒரு கை அள்ளி வாயில்தான் போடும். இன்னொன்றும் உண்டு. மலக்கிருமிக்கும் நைட்ரஜனுக்கும் அளவு இருக்கிறது, ஆனால் மருந்து எச்சங்களுக்கும் ஹார்மோன் போல வேலை செய்யும் ரசாயனங்களுக்கும் அந்த ஏ பிளஸ் தரத்தில் அளவே இல்லை. அளக்கச் சொல்லாத ஒன்று, வழிகளை ஒப்பிடும் அறிக்கை அட்டவணையில் எப்படி வரும்?

முடிவை எதிர்த்துப் பழங்குடிகள் வழக்குப் போட்டார்கள். 2007இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் (அரிசோனா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான மத்திய நீதிமன்றம்) மூன்று நீதிபதிகள் இந்த இடத்தைத்தான் பிடித்தார்கள். உருகிய தண்ணீர் மண்ணில் இறங்கி நிலத்தடிக்குப் போன பிறகு என்ன ஆகும் என்பதை நீளமாகப் பேசிய அறிக்கை, பனியை நேரடியாக விழுங்கினால் என்ன ஆகும் என்பதைச் சரியாகப் பேசவில்லை என்றார்கள். மறு வருடம் பெரிய அமர்வு, வழக்கு மனுவில் அந்தக் குறை முறைப்படி எழுப்பப்படவில்லை என்று சொல்லி அதை ஒதுக்கியது. பிறகு வேறு சிலர் அதையே தனி வழக்காகப் போட்டார்கள். 2012இல் அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, அறிக்கை போதுமான அளவு பார்த்திருக்கிறது என்று சொன்னதோடு, வழக்குப் போட்டவர்களையும் கடுமையாகத் திட்டியது. ஒரே அறிக்கை, ஒரே பக்கங்கள். ஒரு அமர்வுக்குப் போதவில்லை, இன்னொன்றுக்குப் போதும்.

இரண்டாவது ஆட்சேபம் அட்டவணைக்குள்ளேயே அடங்காதது. பதின்மூன்று பழங்குடி இனங்களாவது அந்த மலையைப் புனிதமாக நினைக்கின்றன. நவஹோ மக்களின் நிலத்துக்கு நாலு திசையிலும் நாலு புனித மலைகள் எல்லை, மேற்கு எல்லை இது. அவர்களுடைய சடங்கு மூட்டையில் இந்த மலையின் மண் இருக்கும், அதைக் கொண்டுதான் நோய் தீர்க்கும் சடங்குகள். ஹோப்பி மக்களுக்கு, மழையைக் கொண்டுவரும் கட்சினாக்கள் என்ற தெய்வ ஆவிகள் குடியிருக்கும் இடம் இது. குளிர்காலத்தில் ஊருக்குள் வந்து இருப்பார்கள், ஜூலையில் ஒரு பெரிய நடனத்தோடு வழியனுப்பி வைப்பார்கள், கட்சினாக்கள் மலைக்குத் திரும்பிப் போய் மேகமாவார்கள். பிணவறை வழியாகவும் வந்த தண்ணீரை அந்த மலைமேல் தெளிப்பது பற்றி அவர்களிடம் கேட்டபோது பதில் என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. எத்தனை கேலன், எத்தனை ஏக்கர் என்ற கணக்கே அவர்கள் பதிலில் இல்லை. ஒரு சொட்டானாலும் தீட்டு தீட்டுதான். தளம் இருப்பது சிகரங்களின் பரப்பில் ஒரு சதவீதம்தானே என்று வனத்துறை தரப்பு சொன்னது. சாமி சிலையில் ஒரு சதவீதம் இடத்தில்தானே எச்சில் துப்பினோம் என்பது போல அது அவர்கள் காதில் விழுந்திருக்கும்.

வனத்துறை கேட்காமல் செய்துவிட்டது என்று சொல்ல முடியாது. பழங்குடிகளோடு 500க்கும் மேற்பட்ட முறை தொடர்புகொண்டது, நாற்பது ஐம்பது கூட்டங்கள் நடத்தியது. கேட்டதை அறிக்கையிலும் எழுதியது, கலாச்சாரப் பாதிப்பு உண்டு என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டுவிட்டு, கையெழுத்துப் போட்டது.

இதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் மெத்தோ பள்ளத்தாக்கில் வேறொரு பனிச்சறுக்குத் தளத்துக்கு வன நிலம் கேட்டபோது வந்த வழக்கில், 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: தெரியாமல் முடிவெடுப்பதைத்தான் சட்டம் தடுக்கிறது, தெரிந்தே மோசமான முடிவெடுப்பதை அல்ல. தாக்க அறிக்கை ஒரு கண்ணாடி. முகத்தைக் காட்டும், கழுவிவிடாது.

அதனால் பழங்குடிகள் மத சுதந்திர மீட்புச் சட்டத்தைக் கையில் எடுத்தார்கள். தலையாய அக்கறை ஒன்று இல்லாமல் அரசு யாருடைய வழிபாட்டுக்கும் பெரிய தடை போடக் கூடாது என்பது அந்தச் சட்டம். 2007இல் மூன்று நீதிபதிகளும் அவர்கள் பக்கம் நின்றார்கள். தீர்ப்பை எழுதிய நீதிபதி ஃப்ளெட்சர், ஞானஸ்நானத்தைச் சுத்திகரித்த சாக்கடைத் தண்ணீரில்தான் செய்ய வேண்டும் என்று அரசு சொன்னால் கிறிஸ்தவர்களுக்கு எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள் என்றார். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சறுக்குத் தளத்தின் பருவத்தை நீட்டிப்பது அரசின் தலையாய அக்கறை ஆகாது என்பதும் அந்தத் தீர்ப்பில் இருந்தது. 2008இல் பதினொரு பேர் கொண்ட பெரிய அமர்வு எட்டுக்கு மூன்று என்று அதைக் கவிழ்த்தது. செடியோ ஊற்றோ வழிபாட்டிடமோ எதுவும் நேரடியாகக் கெடவில்லை, யாரும் மலைக்குப் போவதைத் தடுக்கவில்லை, கெட்டது அவர்களுடைய மன உணர்வு மட்டும்தான், அதற்காக அரசின் ஒவ்வொரு முடிவையும் நிறுத்தும் உரிமை ஒவ்வொருவருக்கும் கொடுத்தால் அரசு நடக்காது என்பது அவர்கள் வாதம். 2009 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவில்லை.

பெரிய அமர்வின் பயம் எனக்குப் புரிகிறது. பரந்த பொது நிலத்தில் யாருக்கும் புனிதமில்லாத மூலை எங்கே கிடைக்கும்? ஆனால் அது நீதிமன்றத்தின் பயம். கையெழுத்துப் போடும் வன அதிகாரிக்கு அந்தப் பயம் தேவையில்லை. அவர் எல்லா வழக்குக்கும் விதி எழுதவில்லை, ஒரு மலைக்கு ஒரு முடிவு எடுக்கிறார். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக மட்டும் அனுமதிக்க வேண்டியதில்லை.

அப்படியானால் ஒப்பீடு எங்கே சறுக்கியது? இப்படிப்பட்ட அறிக்கை கையில் கிடைத்தால் நான் அட்டவணைக்குப் போவதற்கு முன்னால் ‘நோக்கமும் தேவையும்’ என்ற பகுதியைத்தான் முதலில் படிப்பேன். எல்லோரும் அதை முன்னுரை என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். ஸ்னோபோல் விஷயத்தில் முக்கிய நோக்கங்களில் ஒன்று, தளம் வருடா வருடம் சீராக, நம்பகமாக இயங்க வேண்டும் என்பது. நோக்கத்தை இப்படி எழுதிய நிமிடமே முதல் வழியும் மூன்றாவது வழியும் தோற்றுவிட்டன. இயற்கைப் பனியை நம்பி அந்த மலையில் யாராலும் சீராக ஓட்ட முடியாது. பாயசம் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு ரசத்தையும் மோரையும் பக்கத்தில் வைத்து எது இனிப்பு என்று ஒப்பிடுவது போல.

இதே மலையில், இதே தளத்துக்கு, 1979இல் ஒரு தாக்க அறிக்கை எழுதியிருக்கிறார்கள். அப்போது வேறொரு நிர்வாகம் விரிவாக்கம் கேட்டது. அந்த அறிக்கையில் ஆறு வழிகள் இருந்தன. ஒரு கோடியில், கம்பெனி கேட்டதை முழுதாகக் கொடுப்பது. மறு கோடியில், அங்கே மனிதர் கட்டியதையெல்லாம் அகற்றிவிட்டு மலையை மலையாக விடுவது. நடுவில் நாலு. கடைசியில் எடுத்தது ஒரு நடுவழி: 50 ஏக்கர் புதுப் பாதைக்கு மரம் வெட்டலாம், புதுக் கட்டடம் கட்டலாம், சாலையை அகலமாக்கித் தார் போடலாம். பழங்குடிகள் வழக்குப் போட்டு 1983இல் தோற்றார்கள். அந்த முடிவைச் சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்றைய அதிகாரியின் மேசையில் ‘எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்’ என்ற காகிதமும் இருந்தது, இரண்டு பக்கமும் தூரம் தெரிந்தது. 2005இல் மேசையில் இருந்த மூன்று காகிதங்களில் அது இல்லை.

இல்லாத வழிகளில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒன்று, குடிநீரிலிருந்து பனி. தீட்டும் உடம்புக்கான பயமும் பெரும்பாலும் தீரும், ஆனால் வறண்ட நகரத்தில் குடிநீரை மலைமேல் தெளிப்பதா என்று ஊரே எழுந்து நிற்கும். 2010இல் ஃபிளாக்ஸ்டாஃப் நகர மன்றம் இதைப் பேசிப் பார்த்துவிட்டு, கடைசியில் பழைய ஏற்பாட்டிலேயே நின்றது. எனக்கும் இந்த வழி பிடிக்கவில்லை.

இன்னொன்று, பணம் கொடுத்து முடித்துவைப்பது. இது கனவு மாதிரி தோன்றும், ஆனால் அந்த மலையிலேயே நடந்திருக்கிறது. சிகரங்களின் இன்னொரு சரிவில் நுரைக்கல் சுரங்கம் ஒன்று இருந்தது. அந்தக் கல் எதற்குத் தெரியுமா? ஜீன்ஸ் துணியைப் பழசு மாதிரி வெளுக்க வைக்க. ‘ஸ்டோன் வாஷ்’ என்று விற்றார்களே, அதற்கு. அந்தச் சுரங்கத்தையும் பழங்குடிகள் எதிர்த்தார்கள். 2000இல் மத்திய அரசு 10 லட்சம் டாலர் கொடுத்துச் சுரங்க உரிமையை வாங்கி மூடியது. ஒரே சிகரங்கள், அதே வனம், அதே எதிர்ப்பு. இரண்டு வருடம் கழித்துத்தான் ஸ்னோபோல் மனு வந்தது. சறுக்குத் தளத்துக்கு விலை நிச்சயம் கூடுதலாக இருந்திருக்கும், கம்பெனி விற்கச் சம்மதித்திருக்காமலும் இருக்கலாம். இருந்தாலும் என்ன விலை என்று ஒரு வரி ஒப்பீட்டில் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்த மூன்றுக்குள்தான் எடுக்க வேண்டும் என்றால் நான் முதல் வழியில் கையெழுத்துப் போட்டிருப்பேன். மரமோ மண்ணோ எனக்கு முதல் காரணமில்லை. மரத்தைப் பொறுத்தவரை அந்த அறிக்கை பரவாயில்லாத வேலை செய்திருக்கிறது, பாதிப்பும் அளவிடக் கூடியது, ஓரளவு சரிசெய்யவும் கூடியது. என் காரணம் வேறு. விரிவாக்கம் கேட்ட நிர்வாகம் தளத்தை வாங்கியது 1992இல். அந்த மலையில் பனி எப்படி வரும், எப்படிப் பொய்க்கும் என்பது வாங்கும்போதே ஊரறிந்த விஷயம். வாடகைக்காரர் தெரிந்து ஏற்ற தொழில் நஷ்டத்தைத் தீர்க்க, வீட்டில் ஏற்கெனவே குடியிருப்பவர்களின் பூசையறை வழியாகச் சாக்கடைக் குழாய் போட வேண்டுமா? அதோடு, முதல் வழியை எடுத்தால் நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். குழாய் வந்த பிறகு அதை எடுப்பது நடக்காத காரியம்.

என் கையெழுத்துக்கும் விலை உண்டு. நாலு நாள் குளிர்காலம் திரும்ப வந்திருக்கும். லிஃப்ட் ஓட்டுபவர், சமையலறையில் நிற்பவர், சறுக்கச் சொல்லிக் கொடுப்பவர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஃபிளாக்ஸ்டாஃப் பிள்ளைகள் சறுக்குவதற்குக் கொலராடோ வரைக்கும் காரில் போயிருப்பார்கள், வசதி இருந்தால். தளம் ஒருநாள் மூடியே போயிருக்கலாம். இவர்களும் பொது நிலத்தின் சொந்தக்காரர்கள்தான். இதை மறைத்துவிட்டு முதல் வழியில் எந்தப் பாதிப்பும் இல்லை என்று சொன்னால் நானும் வளைந்த அட்டவணைதான் போடுகிறேன்.

இப்போதெல்லாம் சட்டம் மாறிவிட்டது. 2023 திருத்தத்தின்படி தாக்க அறிக்கையைப் பொதுவாக 150 பக்கத்துக்குள், இரண்டு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். எதையும் செய்யாமல் விடும் வழி இன்னமும் கட்டாயம்தான், ஆனால் செய்யாமல் விட்டால் என்ன கெடும் என்பதையும் கணக்கில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். 2025 மே மாதம் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், எதை எவ்வளவு ஆழமாக ஆராய்வது என்பதில் துறைகள் சொல்வதை நீதிமன்றங்கள் பெரிதும் மதித்து நடக்க வேண்டும் என்றது. அறிக்கை எழுதுபவரின் ‘நோக்கம்’ என்ற அந்த முதல் பத்தி முன்னைவிடக் கனமாகிவிட்டது. கருத்துச் சொல்ல அழைப்பு வரும்போது அந்தப் பத்தியைப் பற்றி எழுதுங்கள். அட்டவணை வந்த பிறகு எழுதினால் எத்தனை ஆயிரம் கடிதம் போனாலும் அது ‘பரிசீலிக்கப்பட்டது’ ஆகிவிடும்.

ஸ்னோபோலில் 2011இல் குழாய் பதிக்கத் தொடங்கினார்கள். 2012 டிசம்பர் 24ஆம் தேதி துப்பாக்கிகள் முதன்முறையாகச் சுட்டன. முழுக்க முழுக்கச் சுத்திகரித்த சாக்கடைத் தண்ணீரில் பனி செய்த முதல் சறுக்குத் தளம் என்று பத்திரிகைகள் எழுதின. முதலில் விழுந்த பனி மஞ்சளாக இருந்தது. புதுக் குழாயின் துரு என்று விளக்கம் வந்தது, துருவாகத்தான் இருந்திருக்கும். பொதுமக்களுக்குத் தொல்லை விளைவிப்பதாக ஹோப்பி மக்கள் நகராட்சி மீது போட்ட வழக்கை 2018இல் அரிசோனா உச்ச நீதிமன்றம் தள்ளியது: மற்ற பொதுமக்களுக்கு இல்லாத தனிப் பாதிப்பு உங்களுக்கு இல்லை என்றது. அந்தத் தண்ணீர் பயன்படும் இடத்தில் குடிக்காதீர்கள் என்று பலகை வைக்க வேண்டும் என்பது மாநில விதி. அந்தப் பலகை பெரியவர்களின் கண்மட்டத்தில் நிற்கும். பனியை அள்ளும் குழந்தைக்கு அது எட்டாது.